நாலு மணிக்குப் பிறகு வாசித்த கோப்புகள்

என் நாற்காலிக்கு வரப்போகும் உங்கள் இருவருக்கும்,

இதை எழுதுவதா வேண்டாமா என்று மூன்று நாளாக யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஒப்படைப்புக் குறிப்பு என்று நம் அலுவலகத்தை நடத்தும் சுபேதார் சார் கேட்டது ஒரே ஒரு பக்கம். எந்தக் கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறது, எந்த மனு எந்த நாளுக்குள் போக வேண்டும் என்பதுதான் அது. அதைத் தட்டச்சு செய்து கொடுத்துவிட்டேன். இது அந்தப் பக்கத்தில் அடங்காதது.

எனக்கு ஓய்வு பெறும் வயது ஆகவில்லை. ஆறு வருடம்தான் இந்தத் தமிழ் மேசையில் இருந்தேன். ஆறு வருடத்தை அனுபவம் என்று சொல்லிக்கொள்வது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஏன் போகிறாய் என்று கேட்டவர்களிடம் குழந்தைக்காக என்று சொன்னேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியைத்தான் கீழே எழுதுகிறேன்.

தம்பானூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், லாட்ஜுக்கு மேல்மாடியில் இரண்டு அறை. இதுதான் நம் அலுவலகம் என்று முதல் நாள் பார்த்தபோது எனக்கும் ஏமாற்றமாகத்தான் இருந்தது. பட்டாளத்திலிருந்து உடல் கெட்டுத் திரும்பியவர்களுக்கு மேல்முறையீட்டு மனு எழுதிக் கொடுக்கிறோம். மலையாளத்துக்கு இரண்டு மேசை, தமிழுக்கு ஒன்று. பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்திலிருந்தும் போனக்காட்டு எஸ்டேட்டிலிருந்தும் வருகிறவர்கள் நம்மிடம் வருவார்கள்.

வேலையின் எலும்புக்கூடு எளிது. ஒருவர் வெளியேறும்போது மருத்துவக் குழு இரண்டு விஷயம் பார்க்கும். ஊனம் எத்தனை சதவீதம் என்பது ஒன்று. அது பணியால் வந்ததா, அல்லது பணியால் கூடியதா என்பது இன்னொன்று. பணியால் வரவும் இல்லை, கூடவும் இல்லை என்று எழுதிவிட்டால் ஊன ஓய்வூதியம் கிடையாது. அதற்கு எதிராக முதல் மேல்முறையீடு, அது தோற்றால் இரண்டாவது, அதுவும் தோற்றால் கொச்சியில் தீர்ப்பாயம். எந்தப் படிக்கு எத்தனை மாத அவகாசம் என்பதை ஒரு வாரத்தில் படித்துக்கொள்வீர்கள். அதில் நான் தவறியதில்லை. தவறியது வேறு இடத்தில்.

நம் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. மனு ஆங்கிலத்தில் இருக்கும். அதை அனுப்புவதற்கு முன், மனுதாரரை எதிரில் உட்கார வைத்து, ஒவ்வொரு வரியாக அவருடைய மொழியில் வாசித்துச் சொல்ல வேண்டும். பிறகு அவர் தன் கையால் "வாசித்துக் கேட்டேன்" என்று எழுதிக் கையெழுத்து போடுவார். வாசிப்புப் பதிவேட்டில் நேரத்தைக் குறித்து நாமும் கையெழுத்து போடுவோம். சுபேதார் சார் பட்டாளத்தில் எழுத்தராக இருந்தவர். இந்த வழக்கம் அவர் கொண்டுவந்தது. நான் சேர்ந்த அன்று, தன் மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்:

"பட்டாளக்காரன்கிட்ட பேப்பரை நீட்டி, இங்கேன்னு விரல் வெச்சா போதும். கையொப்பு இட்டுரும். அவன் தூக்குத் தண்டனை ஓர்டர் ஆனாலும் இட்டுரும், கேட்டோ. அதுனால வாயிச்சுக் கேள்ப்பிக்கணும்."

நான் சிரித்தேன். வாசிப்பதற்கு அதுதான் காரணம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பால்துரை போனக்காட்டுக்காரர். பட்டாளத்தில் நாயக்காக இருந்தவர். பதினான்கு வருடப் பணிக்குப் பிறகு வலிப்பு நோய் என்று வெளியே அனுப்பப்பட்டவர். நோய் உடற்கூறு சார்ந்தது, பணிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவக் குழு எழுதியிருந்தது. பட்டாளத்திலிருந்து வருகிறவர்களுக்கு நம் ஊரில் வழக்கமாகக் கிடைப்பது காவலாளி வேலை. வலிப்பு வருகிறவரை யாரும் வாசலில் நிறுத்த மாட்டார்கள். மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பெண்கள், எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் அம்மா. வீட்டில் அவர் ஒருவர்தான் சும்மா இருக்கிறவர். அதை அவரே அப்படித்தான் சொன்னார்.

"வீட்ல எல்லாரும் வேலைக்குப் போறாங்க மேடம். நான் கோழிக்குக் காவல்."

அவர் தனியாக வரமாட்டார். பஸ்ஸில் வலிப்பு வந்துவிட்டால் என்ன செய்வது என்று அம்மா அன்னத்தாய் கூடவே வருவார். அந்த அம்மாவின் பையில் பெரிய சாவிக்கொத்து ஒன்று எப்போதும் இருக்கும். எந்தப் பூட்டுக்கும் உரியதல்ல. வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்க வேண்டும் என்பதற்காக. அதனால் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அதற்கு இரண்டு வாரம் முன்புதான் என் மகள் ஜெனிக்குக் காய்ச்சலில் வெட்டி இழுத்தபோது, என் மாமியார் கொடுத்த பீரோ சாவியை நானே அவள் விரல்களுக்குள் அழுத்தி வைத்திருந்தேன். படித்தவள்தான். வைத்திருந்தேன்.

அதனால்தான், அந்த அம்மா பேச ஆரம்பித்ததும் நான் பேனாவை எடுத்தேன்.

"இவனுக்கு மூணு வயசுல ஒரு தடவை காச்சல்ல வெட்டுச்சு மக்ளே. கண்ணு மேல சொருகிப் போச்சு. எஸ்டேட் லயத்துலேந்து ஆஸ்பத்திரி வரைக்கும் தோள்ல போட்டுட்டு ஓடுனேன். செருப்பு எங்க போச்சுன்னு இன்னைக்கும் தெரியாது. பொறவு ஒண்ணுமே வரல்ல. பட்டாளத்துல எடுத்தாவளே, நல்ல ஆரோக்கியம்னுதானே எடுத்தாவ?"

நானும் அழுதேன். அழுததோடு விட்டிருக்கலாம். அதை மனுவில் ஒரு பத்தியாக எழுதினேன். மறைத்தால் பின்னால் கேள்வி வரும், முழு விவரம் கொடுப்பதுதான் முறை என்று நினைத்தேன். சின்ன வயதில் ஒரு தடவை, அதன் பிறகு இருபது வருடத்துக்கும் மேல் ஒன்றுமில்லை என்றால் அவர் பக்கம்தானே பலம் சேரும் என்றும் நினைத்தேன். யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் எழுதுகிறேன் என்பது தோன்றவில்லை.

வாசித்துக் காட்டிய அன்று மணி நாலே கால். ஜெனியின் டே கேர் ஐந்து மணிக்கு மூடும். கரமனை போக பஸ் பிடிக்க வேண்டும். அந்தப் பத்தி வந்தபோது பால்துரை விரலைத் தூக்கினார்.

"அது வேணுமா மேடம்?"

"எல்லாத்தையும் சொல்லிடறதுதான் நல்லது அண்ணே."

விரலை மடக்கிக்கொண்டார். இன்னும் இரண்டு வரி தள்ளி, பனிமலைக் காவல் நிலையில் முதல்முறை மயக்கம் வந்தது என்று நான் வாசித்தபோது, மறுபடி வாயைத் திறந்தார். நான் அடுத்த வரிக்குப் போய்விட்டேன். இங்கே கையெழுத்து என்று விரலை வைத்தேன். போட்டார். பதிவேட்டில் என் கையெழுத்துக்குப் பக்கத்தில் நாலு முப்பத்தைந்து என்று இருக்கிறது. எத்தனையோ தடவை போய்ப் பார்த்திருக்கிறேன்.

பல மாதம் கழித்துப் பதில் வந்தது. மனுதாரரே கூறியுள்ளபடி நோய் பணியில் சேர்வதற்கு முன்பே இருந்திருக்கிறது, மேல்முறையீடு நிராகரிக்கப்படுகிறது. மருத்துவக் குழுவிடம் இல்லாமல் இருந்த ஒரே ஆதாரத்தை நான் என் கையால் தட்டச்சு செய்து, உறையில் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தேன்.

அந்தக் கடிதத்தை ஒன்பது நாள் என் பையில் வைத்திருந்தேன். ஜெனியின் தண்ணீர்ப் பாட்டிலுக்கும் மாற்று உடுப்புக்கும் அடியில். அவகாசம் இருக்கிறது, சரியான வழி யோசித்துவிட்டுச் சொல்லலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யோசிக்கவில்லை. பயந்துகொண்டிருந்தேன். பத்தாம் நாள் காலையில் பாட்டில் கசிந்து கடிதத்தின் ஓரம் நனைந்திருந்தது. அன்றைக்கு சாரின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

சார் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். அவர் திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"ரெண்டாம் அப்பீல் இருக்கு. அதில ஒரு காரியம் செய். டைப்பிங் மிஸ்டேக்குன்னு எழுது. வேற ஒருத்தன்றெ பாரா இதில கேறிப் போச்சுன்னு. ஓஃபீஸ் தப்பு, மனுதாரன் ஒண்ணும் சொன்னதில்லா. தீர்ந்து."

"அவங்க அம்மா சொன்னது சார்."

"அது தெரியும். நீ எனக்கு வேற வழி காட்டு, நான் அதைச் செய்யறேன்."

என்னிடம் வேறு வழி இல்லை. அவரும் என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். அலுவலகத்தின் பெயர், என் பெயர், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு குடும்பத்தின் சோறு. ஒரே ஒரு பொய்யில் மூன்றும் தப்பிக்கும். தட்டச்சு செய்தேன். அந்தப் பத்தி ரொம்ப நன்றாக வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் நம் வழக்கம் இருக்கிறதே. வாசித்துக் காட்டாமல் எதுவும் வெளியே போகாது.

இருவரையும் காலையில் வரச் சொன்னேன். முதலில் நிராகரிப்புக் கடிதத்தைச் சொன்னேன். அந்த அம்மாவின் முகம் மகன் பக்கம் திரும்பவே இல்லை. என்னையே பார்த்தார்.

"நான் சொன்னதுனாலயா மக்ளே?"

"இல்லம்மா. நான் எழுதினதுனால."

"நான் சொன்னதைத்தானே எழுதுன."

 அவசரமாகப் புதிய மனுவை எடுத்து வாசிக்க ஆரம்பித்தேன். முந்தைய மனுவில் உள்ள பத்தி தவறுதலாகச் சேர்ந்தது, மனுதாரருக்குச் சிறு வயதில் அப்படி எதுவும் நேரவில்லை. தமிழில் சொல்லும்போது அந்த வரி வேறு மாதிரி இருந்தது. ஆங்கிலத்தில் அது அலுவலகத்தின் பிழைதிருத்தம் போலத் தெரிந்தது. தமிழில் ஒரு தாயின் முகத்துக்கு நேரே சொல்லும் பொய்யாக இருந்தது.

அந்த அம்மா உடனே தலையாட்டினார்.

"அப்பிடியே எழுதிக்கோ. கெழவி பொய் சொல்லிட்டான்னு வேணும்னாலும் எழுது. நான் பெருவிரல் வைக்கேன்."

அப்போதுதான் பால்துரை பேசினார். மெதுவாகத்தான் பேசினார்.

"எங்கம்மா செருப்பில்லாம ஓடுனது பொய்யா மேடம்?"

நான் காகிதத்தைக் கீழே வைத்தேன்.

"அதை அடிச்சிருங்க. கெடைக்கலன்னா போகட்டும். மத்ததை வாசிங்க."

"போகட்டுமா? பிள்ளைகளுக்கு நீ சோறு போடுவியா?" என்று அம்மா கேட்டார். பையை இழுத்த வேகத்தில் சாவிகள் சத்தமிட்டன.

"போடத்தான் வந்திருக்கேன். பொய்யா இருந்தா பொறவு கெடைச்சதையும் புடிச்சுப் பறிப்பாங்க. நீ சும்மா இரு."

கடிகாரம் எனக்குப் பின்னால் இருந்தது. அன்று நாற்காலியை மாற்றிப் போட்டு உட்கார்ந்தது தற்செயலாகத்தான். மற்ற வரிகளை மெதுவாக வாசித்தேன். பனிமலை, காவல் நிலை, முதல்முறை மயக்கம். விரல் மறுபடி உயர்ந்தது. நான் நிறுத்தினேன்.

"அது மயக்கம் இல்ல."

"உங்க மெடிக்கல் புக்ல அப்படித்தானே அண்ணே இருக்கு?"

"நான் சொல்லி எழுத வச்சது. விழுந்து நாக்கைக் கடிச்சு ரத்தம். நர்சிங் அசிஸ்டென்ட் ஒருத்தன் இருந்தான், நெடுமங்காட்டுக்காரன். ஃபிட்ஸ்னு எழுதப் போனான். கீழ அனுப்பிருவாங்கடா, மயக்கம்னு போடுன்னு கையைப் புடிச்சேன். ஏழெட்டு நாளா தூக்கமில்ல. எனக்குப் பதிலா நிக்க ஆளும் இல்ல. எறங்கிப் போனா அது நல்லா இருக்குமா?"

"இதை ஏன் முதல்லயே சொல்லல?"

கேட்டிருக்கக் கூடாத கேள்வி. அவர் குற்றம் சொல்லும் குரலில் பதில் சொல்லவில்லை. சிரித்த மாதிரிகூட இருந்தது.

"போன தடவை சொல்ல வந்தேன். நீங்க மணி பாத்துட்டு இருந்தீங்க."

முதல் வலிப்பு பனிமலைப் பணியில், தூக்கமில்லாத நாட்களுக்கு நடுவில், சாட்சியோடு வந்திருக்கிறது. அந்த ஆதாரம் முதல் நாளே என் மேசைக்கு எதிரில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. நான் பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

நடந்ததைச் சொன்னதும் சார் அந்தப் பொய்ப் பத்தியைக் கிழித்துக் கூடையில் போட்டார். "நல்லதாயி," என்றார். "இனி மெய்யை வெச்சு எப்படி ஜெயிக்கணும்னு பாரு." நெடுமங்காட்டில் அந்த நர்சிங் அசிஸ்டென்டைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது. இப்போது ஒரு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறார். சாட்சி எழுதித் தர அவர் தயங்கியது ஐந்து நிமிடம்தான். தான் மருத்துவப் பதிவில் தவறாக எழுதியதை ஒப்புக்கொள்வது அவருக்கும் சுலபமில்லை.

மீதி இருந்தது என் பத்தி. அதை எப்படிச் சமாளிப்பது என்பதற்கு ஜெனியின் டாக்டரிடம்தான் போனேன். டாக்டர் மலையாளி, பொறுமைசாலி. ஆனால் அந்த வருடம் நான் அவரிடம் ஒரே கேள்வியை நூறு தடவையாவது கேட்டிருப்பேன்.

"காய்ச்சல் ஃபிட்ஸ் வேற, அபஸ்மாரம்ங்கிற வலிப்பு நோய் வேற. மோளுக்கு வந்தது காய்ச்சல் ஃபிட்ஸ். இதை எத்ர தடவை பறயணும்?"

"பின்னால வலிப்பு நோயா மாறவே மாறாதுன்னு சொல்ல முடியுமா டாக்டர்?"

"மாறவே மாறாதுன்னு நான் எழுதித் தர மாட்டேன். மற்ற குழந்தைகளைவிட ரொம்பக் கொஞ்சம் கூடுதல். அதைவிட நிச்சயமா யாரும் சொல்ல மாட்டாங்க. அது போதாதா உனக்கு?"

எனக்குப் போதவில்லை. இன்றும் காய்ச்சல் என்றால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து விரல்களையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் மனுவுக்குப் போதும் என்று அங்கேதான் புரிந்தது. பால்துரைக்கு மாத்திரை தரும் நரம்பியல் மருத்துவர் அதையே கடிதமாக எழுதித் தந்தார். மூன்று வயதில் காய்ச்சலோடு ஒருமுறை வந்ததும், முப்பதை நெருங்கும்போது பனிமலையில் வந்ததும் ஒரே நோய் என்று சொல்ல முடியாது என்று. அந்தப் பத்தியை நாங்கள் எடுக்கவில்லை. செருப்பைத் தவிர எல்லாம் இருந்தது. இதை முதல் மனுவில் எழுதியது மனுதாரரின் விருப்பத்தால் அல்ல, அவர் கேள்வி கேட்ட பிறகும் மனு எழுதியவர் வற்புறுத்தியதால் என்று என் பெயரில் ஒரு தனிக் கடிதமும் இணைத்தேன். சட்டப்படி அதற்கு மதிப்பு உண்டா என்று தெரியாது. எனக்கு வேண்டியிருந்தது.

பால்துரையை ராணுவ மருத்துவமனைக்கு மறுபரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். பிறகு பல மாதம் ஒன்றுமில்லை. போன மாதம் உறை வந்தது. இந்தத் தடவை நான் அதைப் பிரிக்கவில்லை. அன்றைக்கே தொலைபேசியில் கூப்பிட்டேன், மறுநாள் காலை அவர்கள் எதிரில் பிரித்தேன். நோய் பணிச்சூழலால் தீவிரமடைந்ததாக ஏற்கப்படுகிறது.

பால்துரை எழுந்து ஜன்னல் பக்கம் போய் பேருந்து நிலையத்தைப் பார்த்தபடி நின்றார். அந்த அம்மா உட்கார்ந்தே இருந்தார்.

"நான் சொன்னது அதுல இருக்கா மக்ளே?"

இருந்தது. தாயார் கூறியபடி மூன்று வயதில் காய்ச்சலுடன் ஒருமுறை வந்த வலிப்பு கவனிக்கப்பட்டது. அதைப் பணிக்கு முந்தைய நோயாகக் கருத இயலாது. தமிழில் வாசித்தேன்.

"இன்னொரு தடவை வாசி."

வாசித்தேன். மூன்றாவது தடவை அவர் கேட்கவில்லை, நானே வாசித்தேன்.

இதோடு முடித்தால் நல்ல கதையாக இருக்கும். உங்களுக்குத் தைரியமும் வரும். ஆனால் அன்று சாயங்காலம் நான் வாசிப்புப் பதிவேட்டைத் திறந்து, ஜெனியை டே கேரில் விட ஆரம்பித்த நாளிலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். நாலு மணிக்குப் பிறகு வாசித்தவை எத்தனை என்று. அவற்றில் நிராகரிக்கப்பட்டு, திரும்பி வராமலே போனவர்கள் பதினேழு பேர். பால்துரை திரும்பி வந்தது, நான் கூப்பிட்டதால். இவர்களை நான் கூப்பிடவில்லை. கடிதத்தை அனுப்பி வைத்ததோடு சரி. அவர்களில் யார் யார் விரலைத் தூக்கினார்கள்? எனக்கு ஒருவர் முகமும் நினைவில்லை. நிறையப் பேருக்கு அவகாசமும் தாண்டிவிட்டது. தாமதத்துக்குக் காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம், தீர்ப்பாயத்துக்குப் போகலாம். முடியாமலும் போகலாம். காரணம் என்ன என்று கேட்டால் என் பெயரை எழுதுங்கள். என் அவசரம்தான் காரணம் என்று முன்பே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கோப்புகளில் வைத்திருக்கிறேன். நான் போவதற்கான மீதிப் பாதி இந்தப் பதினேழு பேர்தான்.

இதுவரை ஆறு பேரைப் பிடித்தேன். நேற்றுப் பேசியவர் பாறசாலைக்காரர், முதுகுத் தண்டில் அடிபட்டவர்.

"எதுக்கு மேடம் இப்போ?"

"மனுவை இன்னொரு தடவை வாசிக்கணும் அண்ணே."

"அன்னைக்குத்தான் வாசிச்சீங்களே."

"அன்னைக்கு நான் வாசிச்சேன். நீங்க ஒண்ணும் சொல்லல."

அந்தப் பக்கம் ஏதோ ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. 

"சொல்லலாமா?" என்று கேட்டார்.

மீதிப் பதினோரு கோப்புகள் இரண்டாவது அலமாரியின் மேல் தட்டில் இருக்கின்றன. உறையில் பென்சிலால் குறி போட்டிருக்கிறேன். காலையில் கூப்பிடுங்கள்.